ஒரு கரண்டிகூடக் குறையாத மிச்சம்

தேதியக்கா என்பது அவளுக்குக் கடையில் வைத்த பெயர். பெரிய பல்பொருள் அங்காடி அது. குளிர்பெட்டிகளின் முன்னால் நின்று பால், தயிர், வெண்ணெய், ரொட்டி என்று ஒவ்வொன்றின் கடைசித் தேதியையும் பார்ப்பது அவள் வேலை. நாளை காலாவதியாகும் பொருள் முன்வரிசைக்கு வரும். இன்று காலாவதியாவது மஞ்சள் கூடைக்குப் போகும். மஞ்சள் கூடை பின்வாசல் வழியாகக் குப்பைத் தொட்டிக்குப் போகும். பதினோரு வருடம் மறுபேச்சில்லாமல் செய்தவளுக்குப் பன்னிரண்டாவது வருடம் வயிறு எரிந்தது. நேரே மேலாளரிடம் போய் நின்றாள்.

"நல்ல ரொட்டி சார். இன்னிக்கு ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் அது ரொட்டிதான். அஞ்சு மணிக்கே எதுக்குக் குப்பையாக்குறோம்?"

மேலாளர் தலையைச் சொறிந்தார். அன்றன்றைய கூடையை அவளே எடுத்துப்போகலாம், ஆனால் யாருக்காவது வயிற்றைக் கலக்கினால் கடையின் பெயர் வெளியே வரக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்.

அப்படித்தான் அவள் 'அலமாரி' குழுவுக்குள் வந்தாள். அது கைப்பேசியில் நடக்கிற குழு. ஊரின் ஒவ்வொரு பகுதியிலும் ஏதாவது ஒரு கடை வாசலில் ஓர் அலமாரி இருக்கும். கடைகளிலும் வீடுகளிலும் மிஞ்சியதை அந்தப் பகுதித் தொண்டர் வாங்கி வந்து, படம் எடுத்து, பட்டியல் போடுவார். வேண்டியவர்கள் 'எனக்கு' என்று எழுத வேண்டும். முதலில் எழுதியவருக்கு முதல் உரிமை. பையில் அவரது புனைபெயரை எழுதி அலமாரியில் வைத்தால், ஐந்திலிருந்து ஏழு மணிக்குள் வந்து எடுத்துப்போவார். யார், ஏன், எதற்கு என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. தொண்டர்களுக்கும் பெயர் கிடையாது. எல்லாச் செய்தியும் 'அலமாரி' என்ற பெயரிலேயே போகும்.

இரண்டு வருடமாக ஆற்றுக்குத் தெற்கே இருந்த அலமாரியை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வடக்குப் பக்கத்து அலமாரியைக் கவனித்த தாதியம்மா மாடிப்படியில் விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டதால், அவள் எழுந்து நடமாடும்வரை அந்தப் பொறுப்பும் தேதியக்கா தலையில் விழுந்தது. சாவி செய்கிற ஒருவரின் கடை வாசல் அது. எந்நேரமும் இயந்திரம் கீச்சிடும். அதற்கு மேல் குரலெடுத்து அவர் பேசிக்கொண்டே இருப்பார்.

இரண்டாம் நாள் மாலை. பைகளை வைத்துவிட்டு எதிர்ப்பக்கப் பேருந்து நிறுத்தத்தில் நின்றாள். தேய்த்த சட்டை போட்ட ஒருவர், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, காற்று வாங்க வந்தவர் போல நிதானமாக வந்தார். சாவிக்கடைப் பலகையைப் படித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். பிறகு 'நடையாளி' என்று எழுதிய பையை எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினார்.

அவள் அண்ணன்.

தேதியக்கா சட்டென்று நிறுத்தத்தின் தூணுக்குப் பின்னால் நகர்ந்துவிட்டாள். ஏன் ஒளிந்தோம் என்று பிறகு எத்தனையோ தடவை தன்னையே கேட்டிருக்கிறாள். "அண்ணா" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் அன்றைக்கே ஏதோ ஒன்று முடிந்திருக்கும், அல்லது தொடங்கியிருக்கும்.

கொடுத்தே பழகிய கை அவருடையது. அப்பா போன பிறகு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர். அவள் கல்யாணத்தை நடத்தியவர். முப்பத்தொரு வருடம் ஒரு குளிர்கிடங்கில் மேற்பார்வையாளர். மீனும் பழமும் பாலும் எத்தனை டிகிரி குளிரில் எத்தனை நாள் தாங்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். கிடங்கு மூடிவிட்டதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. 'ஓய்வு வாங்கிட்டேன்' என்றுதான் சொன்னார். அண்ணி இறந்து இரண்டு வருடம். ஒரே மகன் வேறு ஊரில் இருந்தான்; கூப்பிட்டுக் கொண்டேதான் இருந்தான், இவர்தான் போகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அவர் போனில் பேசினார்.

"சாப்பிட்டியா பாப்பா?" ஐம்பத்திரண்டு வயதிலும் அவருக்கு அவள் பாப்பாதான்.

"ஆச்சுண்ணா. நீ?"

"பிரமாதம். நல்ல ரொட்டி, கெட்டித் தயிர், எலுமிச்சை கேக் ஒரு துண்டு. எனக்கென்ன குறை?"

அவள் கையாலேயே பையில் போட்ட எலுமிச்சை கேக். "நல்லதுண்ணா" என்றாள்.

அவள் கணவர் பள்ளி வேன் ஓட்டுபவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் குத்தலாகத்தான் இருக்கும். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"நேரா வீட்டுக்குப் போ. சாப்பாட்ட வெச்சுட்டு வா."

"வாங்க மாட்டார். உங்களுக்கு அவரைத் தெரியாது."

"இருபத்தாறு வருஷமா தெரியும். நீ கேட்டுப் பாத்தியா?"

அவள் கேட்டுப் பார்க்கவில்லை. அதைவிடச் சுலபமான வழி ஒன்று அவளுக்குத் தோன்றிவிட்டது. மறுநாள் விடுப்பு. காலையில் எழுந்து ஒரு பானை நிறையப் பூசணிக்காய் சூப் வைத்தாள். அண்ணனுக்குப் பிடித்த மாதிரி மிளகு தூக்கலாக. கோழியும் உருளைக்கிழங்குமாகப் பெரிய டப்பா ஒன்று. படம் எடுத்து, 'ஒரு வீட்டு விருந்தில் மிஞ்சியது' என்று போட்டாள். 'நடையாளி' உடனே 'எனக்கு' என்று எழுதினார்.

கணவர் டப்பாவை எட்டிப் பார்த்தார். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுன்னு கேட்டிருக்கேன். நீ சூப்புலயே மறைக்கிற."

"சும்மா இருங்க" என்றாள். ஆனால் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அன்று மனசு நிறைந்திருந்தது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அண்ணனுக்கு அவள் ஏதோ செய்கிறாள்.

வாரத்துக்கு இரண்டு நாள் என்று தொடங்கியது நான்கு நாளானது. கடையிலிருந்து வந்த கூடையில் நல்லதை முதலில் எடுத்து ஒதுக்கினாள். 'நடையாளி' எழுதத் தாமதமானால் பட்டியல் போடுவதையே தள்ளிப்போட்டாள். ஒரு நாள் இரட்டைக் குழந்தைக்காரி ஒருத்தி அவருக்கு இரண்டு நிமிடம் முந்திக்கொண்டு 'எனக்கு' என்று எழுதிவிட்டாள். 'மன்னிக்கவும், ஏற்கெனவே ஒருவருக்குச் சொல்லியாகிவிட்டது' என்று அலமாரியின் பெயரால் பதில் போட்டாள். தேதி விஷயத்தில் ஒரு நாள்கூட முன்பின் விடாதவள். அன்று பொய் எழுதும்போது விரல் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

மூன்றாவது வாரம் 'நடையாளி'யிடமிருந்து தனிச்செய்தி வந்தது.

'அலமாரிக்கு வணக்கம். உணவு நன்றாக இருக்கிறது. ஒரு சந்தேகம். மிச்சம் என்றால் ஒரு கரண்டியாவது குறைந்திருக்க வேண்டாமா? டப்பா விளிம்புவரை நிறைந்து வருகிறது. எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளலாமா?'

தேதியக்கா 'விருந்தாளிகள் வரவில்லையாம்' என்று பதில் போட்டாள். அடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை அலமாரியின் கணக்கில் 'நடையாளி'யின் பெயரில் மறுபடி ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. இன்னொரு கேள்வியாக இருக்கும், என்ன பொய் சொல்வது என்று தெரியவில்லை. திறக்காமலே விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சற்று முன்னால் இரண்டு கையிலும் பையோடு சாவிக்கடை வாசலுக்கு வந்தாள். வழக்கமாகக் கேட்கிற கீச்சொலி இல்லை. உள்ளே முக்காலியில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். பின்னால் சாவிக்காரர், எந்தச் சாவியைத் தேடுகிறோம் என்று தனக்கே தெரியாமல் கொக்கிகளைத் துழாவிக்கொண்டிருந்தார்.

"வா பாப்பா" என்றார் அண்ணன்.

அவள் பைகளைக் கீழே வைத்தாள்.

"இவர்கிட்டதான் கேட்டேன், யார் கொண்டாந்து வைக்கிறாங்கன்னு. கடையில தேதி பாக்குற அம்மா, கன்னத்துல மச்சம்னார். வேற யாரா இருக்க முடியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றார் சாவிக்காரர். "சார் கேட்டார், சொன்னேன். நான் டீ குடிச்சிட்டு வந்துர்றேன்." கடையை அப்படியே விட்டுவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார்.

அண்ணன் குனிந்து பையிலிருந்த டப்பாவைத் தொட்டுப் பார்த்தார். "சூடே அடங்கல. கிடங்குலேயே காலத்தைத் தள்ளினவன் பாப்பா நான். எது எப்ப சமைச்சதுன்னு மூடியத் திறந்தா தெரியாதா? முதல்ல ஒரு கரண்டிகூடக் குறையல. நான் கேட்டப்புறம் ஒரே ஒரு கரண்டி குறைஞ்சுது. தினமும் ஒரே அளவு, அதே ஓரத்துல. எந்த விருந்துல அப்படிச் சாப்பிடுறாங்க?"

அவர் லேசாகச் சிரித்தார். அவளால் சிரிக்க முடியவில்லை.

"நடையாளி நான்தான்னு எப்பத்திலிருந்து தெரியும் உனக்கு?"

"இங்க வந்த ரெண்டாவது நாள்லேருந்து."

"அப்ப ஞாயித்துக்கிழமை நான் பேசினதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதான் கேட்டுட்டு இருந்திருக்க."

தெருவில் யாரோ சைக்கிளை நிறுத்தி, சாவிக்காரரைத் தேடிவிட்டுப் போனார்கள்.

"பசிக்கு வரலேன்னு சொல்ல மாட்டேன்" என்றார் அவர். குரல் உயரவில்லை; அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "பசிக்குத்தான் வந்தேன். ஆனா இங்க எனக்கு யாரும் குடுக்கல பாப்பா. குப்பைக்குப் போறத நான் எடுத்துக்கிட்டேன். எடுக்கலேன்னா வீணாப் போயிடும். அப்படி நெனச்சுத்தான் முத நாள் அந்தப் பைய கையில தூக்கினேன். முத நாள் மூணு தடவ இந்தத் தெருவைச் சுத்தினேன், தெரியுமா? நீ எனக்குன்னு அடுப்பு பத்த வெச்சதும் அது வேற ஆயிடுச்சு."

"நான் உன் தங்கச்சிண்ணா. எனக்கு உரிமை இல்லையா?"

"உரிமை இருக்கறவ கதவத் தட்டிக் குடுத்திருக்கணும்."

"தட்டியிருந்தா வாங்கியிருப்பியா நீ?" அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. "சொல்லு, வாங்கியிருப்பியா?"

அவர் உண்மையாகவே யோசித்தார்.

"ரெண்டு தடவை மாட்டேன்னு சொல்லியிருப்பேன். மூணாவது தடவை வாங்கியிருப்பேன்."

அவள் முதல் தடவைகூடத் தட்டவில்லை.

"இன்னொண்ணு" என்று எழுந்தார். "அந்த ரெட்டைக் குழந்தைப் பொண்ணு எனக்கு முன்னாடி எழுதினா. நான் பாத்தேன். அவளுக்கு இல்லேன்னு பதில் வந்துச்சு. அன்னிக்கு ரொட்டி எடுக்க அவ வந்தப்ப அந்த டப்பாவ வாசல்ல நின்னு அவகிட்டயே குடுத்துட்டேன். அவ வேண்டாம் வேண்டாம்னா. இது என்னுது இல்லம்மா, உன் பங்குதான்னு சொன்னேன்." சட்டையின் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். "இதையும் அவளுக்குக் குடு. சூடா இருக்கு."

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு போனார். அவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்கலாம்.

சாவிக்காரர் திரும்பி வந்தபோது அவள் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர் கொஞ்ச நேரம் இயந்திரத்தைத் துடைத்தார். பேசாமல் இருப்பது அவருக்கு வராது.

"உங்க அண்ணனாம்மா? எனக்குத் தெரியாமப் போச்சு. தாதியம்மா இருந்தப்பவே வருவார். நாலரைக்கே வந்துருவார். இந்த அலமாரிய ஈரத்துணி போட்டுத் துடைச்சு, தட்டு தட்டா அடுக்கி, கெட்டுப்போற சாமான நிழல் பக்கம் வெப்பார். அந்த அலமாரிக்கு மேல ஓலைத்தடுப்பு இருக்கு பாருங்க, அது அவர் கட்டினது. வெயில் பட்டா தயிர் புளிச்சிடும்னார். புதுசா யாராவது கூச்சப்பட்டுக்கிட்டு தூரமா நின்னா, இவரே போய்ப் பேச்சுக் குடுத்துக் கூட்டிட்டு வருவார். நீங்க வந்தப்புறம்தான் நேரம் கழிச்சு வர ஆரம்பிச்சார். ஒரு நாள் தூரத்துலேருந்து பாத்துட்டு, 'புதுசா வந்த அம்மா எல்லாத்தையும் அவங்களே அடுக்கிடுறாங்க போல, நாம எதுக்குக் குறுக்க'ன்னு சொன்னார். ஆள் யாருன்னு அப்ப அவருக்குத் தெரியல. கண்ணாடி மாத்தணும்னு சொல்லிக்கிட்டே இருப்பார்."

தேதியக்கா தடுப்பை நிமிர்ந்து பார்த்தாள். மூன்று வாரத்துக்கு மேலாக அதன் கீழேதான் நின்றிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து, அலமாரியின் கணக்கைத் திறந்து, அந்தச் சிவப்புப் புள்ளியைத் தொட்டாள். அது கேள்வி இல்லை. தொண்டராகச் சேர்வதற்கான விண்ணப்பம்.

'குளிர்கிடங்கில் முப்பத்தொரு வருட அனுபவம் உண்டு. உணவின் பதம் பார்க்கத் தெரியும். மாலை நேரம் முழுவதும் ஓய்வாக இருக்கிறேன். தற்போதைய தொண்டருக்கு உதவியாக வடக்கு அலமாரியில் இருக்க விருப்பம். விருந்து வீட்டு உணவை நேரில் போய்ப் பார்த்து வாங்கி வரவும் முடியும்.'

ஏற்பு என்ற பொத்தானை அழுத்தினாள். திரை ஒரு நொடி சுழன்றது. 'இந்த உறுப்பினர் தற்போது குழுவில் இல்லை' என்று வந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கே விலகியிருந்தார்.

கணவரிடம் கைப்பேசியை நீட்டினாள். அவர் இரண்டு தடவை படித்தார். குத்தலாக ஏதாவது சொல்வார் என்று நினைத்தாள், சொல்லியிருந்தால் தேவலை. "சாப்பிடு" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவள் தட்டைக் கழுவி எடுத்துவந்து வைத்தார்.

மறுநாள் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் இல்லை, அல்லது திறக்கவில்லை. அதற்கு மறுநாளும் போனாள். திறந்தார். உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். ஜன்னலோரம் அண்ணியின் தையல் இயந்திரம், உறை போட்டபடி. சமையலறையில் எல்லாம் கழுவிக் கவிழ்த்து, துடைத்து வைத்தாற்போல இருந்தது. "சாப்பாடு கொண்டாந்திருக்கேண்ணா" என்று பையை மேசைமேல் வைத்தாள். "இப்பத்தான் சாப்பிட்டேன்" என்றார். மூன்றாவது தடவையும் போனாள். அன்றும் அதையே சொன்னார். எண்ணிக்கை அவர் சொன்னபடி வரவில்லை. அந்த மூன்று தடவை வேறு ஒரு நேரத்துக்கு உரியவை என்பது அவளுக்குப் புரிந்தது.

மாதக் கடைசியில் மகன் வண்டி எடுத்துக்கொண்டு வந்தான். அண்ணனே கூப்பிட்டாராம். மூன்று பெட்டி, ஒரு மெத்தை, தையல் இயந்திரம். அவளும் கணவரும் காலையிலேயே போய்ச் சாமான் கட்டிக் கொடுத்தார்கள். அண்ணன் குளிர்சாதனப் பெட்டியைத் தானே கழுவித் துடைத்து, கதவு ஒட்டிக்கொள்ளாமல் இடையில் ஒரு துணியை மடித்து வைத்தார்.

அவர் படியிறங்கிய நேரம் பார்த்து மகன் அவளை ஓரமாகக் கூப்பிட்டான்.

"அத்தை, ஒண்ணு கேக்கணும். பெல்ட்டுல புதுசா ரெண்டு ஓட்டை போட்டிருக்கார். இங்க ஒழுங்காச் சாப்பிட்டாரா? உங்களுக்குத் தெரியாம இருக்காது."

அண்ணன் வாசலில் முதுகைக் காட்டியபடி நின்றார். காது கேட்கிற தூரம்தான். அவர் தோள் அசையவில்லை.

"நல்லாத்தான் சாப்பிட்டார்" என்றாள் தேதியக்கா. "அவர் ஒரு அலமாரியப் பாத்துக்கிட்டார்ப்பா. வீணாப் போற சாப்பாட்ட எடுத்து ஊருக்கே பிரிச்சுக் குடுக்கிற வேலை. அந்த அலைச்சல்ல இளைச்சுட்டார்."

"அப்பாவா? எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"எங்கிட்டயும் சொல்லல. அங்க இருக்கறவங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்."

அதில் பொய் அதிகமில்லை. அண்ணன் திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண்ணில் என்ன இருந்தது என்று அவளால் படிக்க முடியவில்லை. "வெயில் ஏறுது, கிளம்பலாம்" என்று மகனிடம் சொன்னார். வண்டியில் ஏறும்போது அவள் தலையில் ஒரு நிமிடம் கை வைத்தார், சின்ன வயதில் பள்ளிக்கு அனுப்பும்போது வைப்பாரே, அப்படி. பிறகு எடுத்துக்கொண்டார்.

தாதியம்மா இன்னமும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறாள். வடக்கு அலமாரி தேதியக்காவிடமே இருக்கிறது. அவள் நாலரைக்கே போய்விடுகிறாள். துடைக்கிறாள், அடுக்குகிறாள், பையை வைத்தபின் எதிர்ப்பக்கம் திரும்பாமல் நேரே நடந்து அடுத்த நிறுத்தத்தில் பேருந்து ஏறுகிறாள். யார் எடுக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. போன வாரம் மழையில் ஓலைத்தடுப்பின் ஒரு முனை கயிறு அறுந்து தொங்கியது. சாவிக்காரர் ஆணி அடித்துத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று, அண்ணனுக்குப் போன் போட்டு, எந்த முடிச்சுப் போட்டாய் என்று கேட்டாள். அவர் விளக்கிச் சொன்னார். இரண்டு தடவை தப்பாகக் கட்டினாள். மறுமுனையில் அவர் பொறுமையாக, "இடது கயிறு மேல வரணும் பாப்பா, இடது கயிறு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.